வாய்தா கேட்ட பத்மநாபன்

பத்மநாபன் சாரிடம் "இது முடியுமா?" என்று யாரும் கேட்டுவிட முடியாது. "எந்த விதிப்படி?" என்று திருப்பிக் கேட்பார். கல்கத்தாவில் டல்ஹவுசி பக்கம் இருந்த எங்கள் மத்திய அரசு அலுவலகத்தில் அவர் நிர்வாகப் பிரிவு அதிகாரி, நான் அவருக்கு ஸ்டெனோ. பத்தொன்பது வருஷம் அவர் சொல்ல நான் எழுதினேன். அது போதாதென்று டாலிகஞ்சில் ஒரே கட்டடத்தில் அவர் முதல் மாடி, நான் இரண்டாம் மாடி. பகலில் அலுவலகத்திலும் சாயங்காலம் மாடிப்படியிலும் அந்த மனிதரைச் சகித்தாக வேண்டும் என்று பாளையங்கோட்டையில் பிறந்த என் தலையில் எழுதியிருந்தது.

அவருக்கென்று ஒரு வாக்கியம் உண்டு. "தற்போதைய விதிகளில் இதற்கு இடமில்லை. விதி திருத்தப்பட்டால் மறுபரிசீலனை செய்யப்படும்." எந்த விண்ணப்பம் வந்தாலும் கடைசியில் இது வந்து உட்காரும். அவர் வாயைத் திறக்கும் முன்பே என் கை அதை அடித்து முடித்துவிடும். மற்ற அதிகாரிகளும் இப்படி எழுதுகிறவர்கள்தான். எழுதிவிட்டு மறந்துபோவார்கள். இவர் மறக்க மாட்டார், அதுதான் வினோதம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். சுஜித் என்று ஒரு டிரைவர். கால் கட்டைவிரலில் நகம் உள்பக்கமாக வளர்ந்து தொல்லை. யூனிஃபார்மோடு ஷூவுக்குப் பதில் செருப்பு போட அனுமதி கேட்டான். இடமில்லை என்று பதில் போயிற்று. ஆறு வருஷம் கழித்து டெல்லியிலிருந்து சீருடை விதியில் ஒரு திருத்தம் வந்தது. அதற்குள் சுஜித் ஓய்வு பெற்றுவிட்டான். சார் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து பெஹாலாவில் அவன் வீட்டைத் தேடிப் போய், லுங்கியோடு பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவனிடம் ஆணையின் நகலைக் கொடுத்து, "இனிமே நீங்க செருப்பு போட்டுண்டு வண்டி ஓட்டலாம்" என்று சொல்லிவிட்டு வந்தார். இந்த மனிதரைத் திட்டுவதா கும்பிடுவதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அவருடைய ஒரே பிள்ளை ஹரீஷ். சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் வேலை. கூட வேலை பார்த்த சைதன்யா என்ற வங்காளிப் பையன் இரண்டு வருஷமாக அந்த வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தான். சாரின் மனைவி வத்சலா மாமி வைக்கிற ரசத்தை டம்ளரில் வாங்கி டீ மாதிரி குடிப்பான். சாருக்கும் அவனைப் பிடிக்கும். வருமான வரிப் படிவத்தை அவன் சரியாக நிரப்புவான், அது போதும் அவருக்கு.

2014 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்த பிறகு ஹரீஷ் அப்பா அம்மாவை உட்கார வைத்துச் சொல்லிவிட்டான். தனக்குப் பெண் பார்க்க வேண்டாம் என்றும், தன் வாழ்க்கை சைதன்யாவோடுதான் என்றும், அதை ஒளித்து வைத்துக்கொண்டு இனி அந்த வீட்டில் சாப்பிட உட்கார முடியவில்லை என்றும் சொன்னான். மாமி அழுதார். அழுதுவிட்டு, "ராத்திரிக்கு என்னடா பண்ணட்டும்?" என்று கேட்டார். பெற்றவளுக்கு அவ்வளவுதான் நேரம் பிடித்தது. சாரோ மறுநாள் மத்தியானம் டிபன் டப்பாவை மூடிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மகேஸ்வரி, ஒரு லெட்டர் எழுதிக்கோங்கோ. சொந்த விஷயம். பேப்பர் என்னுடையது. சாயங்காலம் உங்க ஆத்துல வெச்சு அடிச்சுக் குடுத்தாப் போறும்."

எழுதிக்கொண்டேன். பெறுநர், திரு ஹரீஷ். பொருள், சைதன்யா என்பவரை வாழ்க்கைத் துணையாக ஏற்று வீட்டில் வரவேற்பது குறித்து. பார்வை, ஞாயிறன்று உணவுக்குப் பின் தாங்கள் வாய்மொழியாகத் தெரிவித்தது. அதற்குக் கீழே, இந்திய தண்டனைச் சட்டம் 377-ஆம் பிரிவின்படி இது குற்றம் என்றும், அந்தப் பிரிவு செல்லும் என்று சென்ற மாதம்தான் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது என்றும், ஆகவே மேற்படி நபர் வீட்டுக்கு வர இயலாது என்றும் இருந்தது. அதற்கும் கீழே அந்தப் பாழாய்ப்போன வாக்கியம்.

"என்ன சார் இது? பெத்த பிள்ளைக்கு யாராவது இப்படி லெட்டர் போடுவாங்களா?" என்றேன்.

"நான் கவர்ன்மென்ட் சர்வன்ட், மகேஸ்வரி. குற்றம்னு சட்டம் சொல்றதை ஆத்துக்குள்ள எப்படி அனுமதிக்கறது?"

அடித்துக் கொடுத்தேன். அந்தப் பாவம் என் விரல்களுக்கும் உண்டு, மறைக்கவில்லை. ஹரீஷ் படித்தான், நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "சரிப்பா. அவன் வராத ஆத்துக்கு நானும் வரலை. சட்டம் மாறட்டும், சேர்ந்து வரோம்" என்று பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இருவரும் காளிகாட்டில் ஒரு சந்தில் சின்ன ஃபிளாட் பிடித்தார்கள். அன்றிலிருந்து அப்பனும் மகனும் பேச்சில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு நிற்கவில்லை. ஒரு மாடி ஏறிற்று, அவ்வளவுதான். மாமி கீழே சமைப்பார், பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருவார், பையன்கள் என் வீட்டில் சாப்பிடுவார்கள். விதவைப் பொம்பளை, தனியாக இருக்கிறவள், எனக்கும் ஞாயிற்றுக்கிழமை ஒரு கலகலப்பு. முதல் மாடியைத் தாண்டும்போது சைதன்யா ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பூனை மாதிரி ஏறுவான். சத்தம் கேட்டால் காகுவுக்குச் சங்கடமாக இருக்குமாம். காகு என்றால் வங்காளத்தில் சித்தப்பா. உள்ளே அந்தச் சித்தப்பா சரியாகப் பதினொன்றே முக்காலுக்குக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வார், எதுவும் காதில் விழக் கூடாதென்று. நாலரை வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு தடவை குளித்த மனிதர் கல்கத்தாவில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

2016-ல் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவருக்கு ஒரு வேலை வேண்டாமா? 377 வழக்கைப் பின்தொடர்வதே வேலையாயிற்று. எந்த மனு, எந்த அமர்வு, எப்போது விசாரணை எல்லாம் விரல் நுனியில். எதற்காக என்று நினைக்கிறீர்கள்? மகன் ஜெயிக்க வேண்டும் என்றா? ஆபத்து எந்தத் தேதியில் வரும் என்று தெரிந்துகொள்ள. ஆனால் படிக்கப் படிக்க ஒரு விபரீதம் நடந்தது. லேக் மார்க்கெட்டில் ஒரு டிபன் கடையில் சனிக்கிழமை சாயங்காலம் ஓய்வு பெற்ற தமிழர்கள் கூடுவார்கள். பேங்க்கில் இருந்த குருமூர்த்தி அதில் பெரிய குரல்.

"இதெல்லாம் நம்ம மதத்துக்கே விரோதம் ஓய். ஆதிகாலத்துலேர்ந்து இருக்கற சட்டம். அதைப் போய்த் தொடலாமோ?" என்பார் குருமூர்த்தி.

"ஆதிகாலம் இல்லை. 1860. வெள்ளைக்காரன் எழுதினது" என்பார் சார், தோசையிலிருந்து தலையை எடுக்காமல்.

"அப்போ சாஸ்திரம்?"

"சாஸ்திரம் என்ன சொல்றதுங்கறது வேற, தண்டனைச் சட்டம் என்ன சொல்றதுங்கறது வேற. எல்லா மதத்துக்காரனுக்கும் சேர்த்து ஒரு சட்டம்தான் ஓய் இருக்கு. சாஸ்திரத்தை மீறினா போலீஸ் பிடிக்கும்னா நீரும் நானும் இப்போ வெங்காய ஊத்தப்பத்தோட லாக்கப்புல இருக்கணும்."

"நீர் எந்தக் கட்சி?" என்று குருமூர்த்தி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"நான் சரியான தேதி கட்சி."

ஹரீஷுக்கு எதிராக ஆயுதம் திரட்டப் போன மனிதர், தகவல் பிழை பொறுக்காத ஒரே குற்றத்தால் அவன் பக்கம் வாதாடிக்கொண்டிருந்தார். அது அவருக்கே தெரியாது. எனக்குத் தெரியும், நான் பக்கத்து மேஜையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

2018 ஜூலையில் விசாரணை முடிந்தது. மாமி காளிகாட் கோயிலுக்குப் போய்த் தீர்ப்பு நல்லபடியாக வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை சாரும் தனியாகப் போய்விட்டு நெற்றியில் குங்குமத்தோடு வந்தார். அவர் என்ன வேண்டிக்கொண்டார் என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. வாய்தா கேட்டிருக்கிறார். ஒரே சன்னிதியில் பெண்டாட்டி தீர்ப்பைக் கேட்க, புருஷன் ஒத்திவைப்பைக் கேட்டால் அந்தத் தாய்தான் என்ன செய்வாள்?

செப்டம்பர் ஆறாம் தேதி, வியாழக்கிழமை, தீர்ப்பு வந்துவிட்டது. வயது வந்த இருவர் மனம் ஒப்பி இருந்தால் அது குற்றமில்லை என்று ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். டி.வி. சத்தம் கேட்டு நான் கீழே ஓடினேன். மாமி பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தார். அந்த நேரம் பார்த்து சாரின் போனில் ஹரீஷிடமிருந்து ஒரு படம் வந்தது. நான் அடித்த கடிதம். கடைசி வாக்கியத்தின் கீழே சிவப்பில் ஒரு கோடு போட்டிருந்தான். வேறு ஒரு வார்த்தை இல்லை.

"ஏன்னா, கொழந்தைகளை வரச் சொல்லுங்கோ. அடுத்த வியாழன் பிள்ளையார் சதுர்த்தி" என்றார் மாமி.

"தீர்ப்பை முழுசாப் படிக்கணும், வத்சலா. பேப்பர்காரன் சொல்றதை வெச்சு முடிவெடுக்க முடியாது."

நானூற்றுத் தொண்ணூற்றைந்து பக்கம். லேக் மார்க்கெட்டில் ஒரு கடையில் பிரின்ட் எடுத்துக் கட்டாகக் கட்டிக்கொண்டு வந்தார். கடைக்காரர் இவரை வக்கீல் என்று நினைத்துத் தன் தம்பியின் விவாகரத்துக்கு யோசனை கேட்டாராம். பென்சிலும் அடிக்கோலுமாக உட்கார்ந்தவர் அன்றிலிருந்து எழுந்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு சந்தேகம் சொன்னார். பிரிவு முழுக்க ரத்தாகவில்லையே, ஒரு பகுதிதானே? சனிக்கிழமை இன்னொன்று. 'தனிமையில்' என்று இருக்கிறது, நம் வீட்டுக் கூடம் தனிமையா? மாமி ஞாயிற்றுக்கிழமை மோரை நிறுத்தினார். திங்கட்கிழமை பேச்சை நிறுத்தினார். மோர் போனதைத்தான் சார் முதலில் கவனித்தார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கட்டைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு ஏறி வந்தார். முகம் சாம்பலாக இருந்தது. காபி கொடுத்தேன், தொடவில்லை.

"மகேஸ்வரி, இந்தச் சட்டம் இப்போ செத்துப்போனதுன்னு நினைச்சிண்டிருந்தேன். அப்படி இல்லை. அரசியலமைப்புக்கு விரோதம்னா, அரசியலமைப்பு வந்த அன்னிலேர்ந்தே விரோதம்தானே? அம்பதுலேயே அது செல்லாது. நான் ஹரீஷுக்கு எழுதினபோதும் செல்லாது. ஆதாரமே இல்லாம ஒரு ஆர்டர் போட்டிருக்கேன்."

"சரி சார். அதுக்கு?"

"அந்த லெட்டரை முன்தேதியிட்டு ரத்து பண்ணணும். எழுதிக்கோங்கோ. பெறுநர்…"

எனக்கு வந்ததே கோபம். பத்தொன்பது வருஷம் வாயை மூடிக்கொண்டு எழுதிய கோபம் எல்லாம் ஒன்றாக வந்தது.

"நான் எழுத மாட்டேன் சார். நாலரை வருஷமா அந்தப் பிள்ளை உங்க வாசலைத் தாண்டையில ஷூவைக் கையில தூக்கிட்டுப் போகுது. அதுக்கும் ஒரு லெட்டரா? நெசத்தைச் சொல்லுங்க. சட்டம் இல்லாம இருந்தா அன்னைக்கு உள்ள விட்டிருப்பீங்களா?"

அவர் கையிலிருந்த பென்சிலைக் கட்டின் மேல் வைத்தார்.

"மாட்டேன்" என்றார். "பயமா இருந்தது. பஜனை சமாஜத்துல என்ன சொல்லுவா, குருமூர்த்தி என்ன சொல்லுவார்னு பயம். பயம்னு சொல்ல வெக்கமா இருந்தது. சட்டம்னு சொன்னா கௌரவமா இருந்தது. அவன் என் பிள்ளை மகேஸ்வரி, அவனைப் பாக்காம எனக்கு ராத்திரி சாதம் எறங்கலை. இதையும் நான் யார்கிட்டேயும் சொன்னதில்லை."

அவர் அழுததை நான் பார்க்காத மாதிரி சமையலறைக்குள் போய்க் காபியைச் சுட வைத்தேன். எனக்கும் அழுகை வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் சாயங்காலம் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மெட்ரோவில் காளிகாட் போனார். கையில் கடிதம் இல்லை. கடிதம் இல்லாமல் அந்தக் கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, ஆகவே தீர்ப்புக் கட்டைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டார். ஹரீஷ் அலுவலகத்தில் இருந்தான். சைதன்யாதான் கதவைத் திறந்தான். திடுக்கிட்டுப் போனான், ஆனால் "ஆஷுன், ஆஷுன்" என்று உடனே உள்ளே கூப்பிட்டு ஃபேனைப் போட்டு நாற்காலியைத் துடைத்தான். இத்தனை வருஷம் தன்னை வாசலுக்கு வெளியே வைத்த மனிதரை அவன் ஒரு நிமிஷம்கூட வாசலில் நிறுத்தவில்லை. சாருக்கு அது உறைத்தது, காது சிவந்துபோயிற்று.

முப்பத்தைந்து வருஷமாகக் கல்கத்தாவில் இருந்தும் சாருடைய வங்காளம் கத்தரிக்காய் வாங்கவும் பஸ் கண்டக்டரோடு சண்டை போடவும் மட்டுமே பழகியது. அதை வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிச் சொன்னார். தப்பு சட்டத்தின் மேல் இல்லை, தன் மேல்தான் என்று. நாளைக்குச் சதுர்த்தி, இரண்டு பேரும் வர வேண்டும் என்று. சொல்லிவிட்டு அந்தக் கட்டை எடுத்து நீட்டினார்.

"நாங்கள் அன்றைக்கே படித்துவிட்டோம் காகு" என்றான் சைதன்யா மெதுவாக. "போலீஸுக்கு நாங்கள் அவ்வளவாகப் பயப்படவில்லை. உங்கள் மாடிப்படிக்குத்தான் பயந்தோம்."

"நாளைக்கு வருவியோ?" என்று சார் பதற்றத்தில் தமிழிலேயே கேட்டார். நாலரை வருஷ ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கு அந்த அளவு தமிழ் வந்திருந்தது.

"பேபே போல்போ, காகு." யோசித்துச் சொல்கிறேன் என்றான்.

திரும்பும் வழியில் சார் மெட்ரோவில் கம்பியைப் பிடித்தபடி, "எத்தனை நாள் ஆகும்னு சொல்லலையே?" என்றார்.

"விண்ணப்பம் பரிசீலனையில இருக்கு சார்" என்றேன். அந்த ஒரு வரியைச் சொல்வதற்காகவே என்னைக் கடவுள் ஸ்டெனோவாகப் படைத்தார் என்று தோன்றியது.

சதுர்த்திக்கு அவர்கள் வரவில்லை. மாமி கொழுக்கட்டையை மூடி வைத்து, மூடி வைத்து, கடைசியில் கட்டடம் முழுக்கக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கும் வரவில்லை. சார் தினமும் காலையில் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையும் பேன்ட்டும் மாட்டிக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். குளியலறைக்குள் போனாலும் குழாயைச் சொட்டுச் சொட்டாகத்தான் விட்டார், மணிச் சத்தம் கேட்க வேண்டுமே. யாராவது படியேறினால் எழுந்து நிற்பார். பால்காரனுக்கு எழுந்து நின்றார், கேஸ் சிலிண்டர்காரனுக்கு எழுந்து நின்றார். இப்படிப் பத்து நாள்.

பத்தாவது நாள் சனிக்கிழமை. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை மட்டும் எந்தத் தீர்ப்பும் நிறுத்த முடியாது. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் வழிய, இடுப்பில் ஒரு ஈரிழைத் துண்டோடு அவர் நின்றிருந்த நேரத்தில் மணி அடித்தது. மாமி கை வேலையாக இருந்ததால் இவரே கதவைத் திறந்தார். நான் காய் வாங்கப் படியிறங்கிக்கொண்டிருந்தேன், எல்லாம் என் கண்ணெதிரே நடந்தது.

சைதன்யா தனியாக நின்றிருந்தான். சாரை அந்தக் கோலத்தில் பார்த்துப் பார்வையைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டு வங்காளத்தில் சொன்னான். "ஹரீஷ் கீழே கேட்டுக்கு வெளியே நிற்கிறான் காகு. நீங்கள் மனசாரத்தான் கூப்பிட்டீர்களா என்று நான் முதலில் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். இன்னொரு தடவை அவன் இந்தப் படியில் இறங்கிப் போவதை என்னால் பார்க்க முடியாது."

சார் அவன் தோளைப் பிடித்து உள்ளே மாமியிடம் தள்ளிவிட்டு, அப்படியே படியிறங்க ஆரம்பித்தார். "சார், சார், சட்டையைப் போட்டுக்கிடுங்க" என்று நான் பின்னாலேயே ஓடினேன். எண்ணெய்ப் பாதம் வழுக்கிற்று, கைப்பிடிக் கம்பி வழுக்கிற்று, மனிதர் நிற்கவில்லை. காலை பத்து மணி. கேட்டுக்கு வெளியே டீக்கடை நிறையக் கூட்டம், வரிசையாக ஆட்டோக்கள், எதிர்வீட்டு பால்கனியில் மூன்று பெண்கள். மாடியில் கொடியில் காயும் வேட்டியைக்கூட ஊர் பார்க்கக் கூடாது என்று உள்பக்கமாகப் போடுகிற மனிதர், எண்ணெய் சொட்டச் சொட்ட நடுத்தெருவில் போய் நின்று பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்தார். வாய் திறந்து திறந்து மூடிற்று. எந்த வாக்கியமும் வரவில்லை, அந்தப் பழைய வாக்கியம்கூட. பிடித்த கையை மட்டும் விடவில்லை.

ஹரீஷ் அப்பாவை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். அவன் கண் நிறைந்துவிட்டது. நாலரை வருஷம் கழித்து அவரிடம் முதல் வார்த்தை பேசினான்.

"துண்டைப் பிடிச்சுக்கோங்கோப்பா. அவுந்துண்டிருக்கு."